ஹார்ட்ட சுத்தி தண்ணி: எக்ஸ்ரே போதுமா, எக்கோ வேணுமா?

செஸ்ட் எக்ஸ்ரேல ஹார்ட் பெருசா இருக்குன்னு ரிப்போர்ட் வந்தா ஹார்ட்டே வீங்கியிருக்கலாம், இல்லேன்னா அத மூடியிருக்கற பெரிகார்டியம் பைக்குள்ள தண்ணி சேந்திருக்கலாம், எக்ஸ்ரேக்கு ரெண்டும் ஒரே வெள்ளை நிழல்தான், இதான் முதல் சிக்கல்.

முதுகுப் பக்கமிருந்து கதிர் விட்டு நேரா எடுக்கற பிஏ படத்துல நிழல் மார்புக்கூட்டோட அகலத்துல பாதிய தாண்டினா பெருசுன்னு கணக்கு. தண்ணி நெறைய இருந்தா கீழ ரெண்டு பக்கமும் உப்பி, மேல குறுகி நிக்கும், வாட்டர் பாட்டில் சைன்னு சொல்லுவாங்க. ஆனா சுமார் 200 மில்லி சேர்ற வரைக்கும் இந்த நிழல் அசையவே அசையாது! படுக்கையிலயே, முன்பக்கமிருந்து கதிர் விட்டு எடுக்கற ஏபி படத்துல நல்ல ஹார்ட்டும் பெருசாத்தான் தெரியும், அத வச்சு பயப்படாதீங்க.

பக்கவாட்டுல எடுக்கற லேட்டரல் படத்த யாரும் மதிக்கறதில்ல, எனக்கு அதுல வருத்தம்தான். ஹார்ட் மேல ஒரு கொழுப்பு, பைக்கு வெளிய ஒரு கொழுப்பு, இது ரெண்டும் கருப்பு கோடா தெரிஞ்சு நடுவுல வெள்ளைப் பட்டை 2 மில்லிமீட்டருக்கு மேல இருந்தா தண்ணியாத்தான் இருக்கும், ஓரியோ பிஸ்கட் மாதிரி இருக்கறதால ஓரியோ சைன்னு பேர். எல்லார் படத்துலயும் தெரியாது, தெரிஞ்சா நம்பலாம்.

இன்னொண்ணு, பழைய படம் இருந்தா பக்கத்துல வச்சு பாருங்க, சில வாரத்துல நிழல் கிடுகிடுன்னு பெருசாகி, நுரையீரல் மட்டும் தெளிவா இருந்தா சந்தேகம் தண்ணி மேலதான் போகணும். ஹார்ட் பலவீனமாகி வீங்கினா பெரும்பாலும் நுரையீரல்லயும் நீர் கோத்த அடையாளம் இருக்கும்.

ஒலி அலையால ஹார்ட்ட பாக்கற ஸ்கேன்தான் எக்கோ, அதோட இதெல்லாம் போட்டி போட முடியுமான்னா, முடியாது. எக்கோ கொஞ்சூண்டு தண்ணியக் கூட காட்டும், ஹார்ட்டோட வலது பக்கம் அமுங்குதான்னும் காட்டும். அதான் முக்கியம், ஏன்னா தண்ணி மெதுவா சேந்தா ஒரு லிட்டரக் கூட ஹார்ட் தாங்கிடும், காயம் பட்டு திடீர்னு ரத்தம் சேந்தா 150, 200 மில்லியே ஆள சாய்ச்சிடும், அப்ப எக்ஸ்ரே நார்மலா இருக்கும்! பிரஷர் எறங்கி, கழுத்து நரம்பு பொடச்சுகிட்டு இருக்கறவர எக்ஸ்ரே ரூமுக்கு தள்ளிட்டு போறது எனக்கு சரியாப் படல.

சிடி? ஒரு மூலைல அடைஞ்சு கெடக்கற தண்ணிக்கும், அது ரத்தமான்னு பாக்கறதுக்கும் நல்லது. ஆனா எக்கோ மெஷின்தான் பெட் பக்கத்துக்கே வரும், ஊசி போட்டு தண்ணிய எடுக்கும்போதும் அதான் வழி காட்டும்.