குளோட்ரிமசோல் 1% கிறீம்: படர்தாமரைக்கு வாங்கலாமா?

வாங்கலாம். படர்தாமரை பூஞ்சையால் வருவது, இது பூஞ்சையைக் கொல்லும் மருந்து. திருமலை வெக்கையில் ஈரச் சாரத்தோடு வள்ளத்தில் நிற்பவருக்கும், நாள் முழுக்க இறுக்கமான ஜீன்ஸ் போடுபவருக்கும் தொடை இடுக்கில் வரும் படர்தாமரைக்கு முதலில் எடுக்க வேண்டியது இதுதான். மலிவு, எந்தப் பாமசியிலும் இருக்கும். விளிம்பு சிவந்து செதிலாக மேடுகட்டி, நடுப்பகுதி தெளிந்து வட்டமாக இருந்தால் நன்றாகக் கேட்கும்.

கழுவி, துவாயால் ஈரம் போக ஒற்றிவிட்டுப் பூசுங்கள். சுட்டுவிரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம். விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்கு அது போதும். காலையும் இரவும் பூசினால் 20 கிராம் ரியூப் 20 நாளைக்கு வரும். பூஞ்சை வெளிப்பக்கமாகத்தான் பரவும், அதனால் விளிம்பைத் தாண்டி 2 சென்ரிமீற்றர் வரை பூச வேண்டும். கடி ஒரு கிழமைக்குள் அடங்கிவிடும். பலர் அதோடு நிறுத்துவதால்தான் திரும்ப வருகிறது. படை மறைந்த பிறகும் ஒன்றிரண்டு கிழமை பூசுங்கள். உள்ளாடையும் துவாயும் நல்ல வெயிலில் காய வேண்டும், வீட்டில் இன்னொருவருக்கும் இருந்தால் இருவரும் ஒன்றாகப் பூச வேண்டும்.

பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். பீட்டாமெதசோன், குளோபெட்டசோல் என்று கூடவே இருந்தால் தயவுசெய்து வேண்டாம். இவை ஸ்டீரொயிட்டுகள். பூசியதும் கடி நிற்கும், சிவப்பு மங்கும். பூஞ்சையோ உள்ளே தடையில்லாமல் வளரும். வட்டம் கலைந்துபோவதால் வைத்தியருக்கே அடையாளம் பிடிபடாது. தொடை இடுக்கில் தோல் மெலிந்து விழும் கோடுகள் பிறகு முழுதாக மறையாது.

தலையிலும் நகத்திலும் இந்தக் கிறீம் பலன் தராது, குளிசை வேண்டும். இரண்டு கிழமையில் மாற்றம் இல்லையா, நீர் வடிகிறதா, சீனி வருத்தம் இருக்கிறதா? திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையில் காட்டுங்கள், காசு இல்லை.

வெளிறிய அல்லது சிவந்த படை, கடியே இல்லை என்றால் கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சு நுனியால் தொட்டுப் பாருங்கள். தொடுவது தெரியாவிட்டால் அது தொழுநோயாக இருக்கலாம். முழுமையாகக் குணமாகும், மருந்தும் இலவசம். ஆனால் கிறீம் பூசிப் பூசி நாளைக் கடத்தினால் நரம்பு கெட்டுவிடும். வைத்தியசாலைக்குப் போகும்போது இதுவரை பூசிய ரியூப்கள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள்.