குஞ்சைக் கையில் வாங்கிப் பார்க்கிற மருந்துக்கடை

ராமநாதபுரத்தில் கால்நடை மருந்துக்கடைக்குப் பஞ்சமில்லை. ஆட்டுக்குப் பூச்சி மருந்தும் மாட்டுக்குத் தாது உப்பும் எங்கே கேட்டாலும் கிடைக்கும். கோழிக்குஞ்சு என்று சொல்லிப் பாருங்கள், அப்போதுதான் வித்தியாசம் தெரியும். "கழியுதா? இந்தாங்க" என்று ஏதோ ஒரு ஆன்டிபயாடிக் பொடியை எடுத்துப் போட்டு அடுத்த ஆளைப் பார்ப்பவர்கள்தான் அதிகம். நான் எழுதப்போவது அப்படிச் செய்யாத ஒரு கடையைப் பற்றி. பெயரைப் போட வேண்டாம் என்று கடைக்காரத் தம்பியே சொல்லிவிட்டார். சந்தை நாள் கூட்டத்தையே சமாளிக்க முடியவில்லையாம். பழைய பேருந்து நிலையப் பக்கம் நாட்டுக்கோழி வளர்க்கிறவர்கள் யாரைக் கேட்டாலும் கைகாட்டுவார்கள்.

நான் தேவிபட்டினம் பக்கம். வீட்டுக்காரர் நண்டு வலைக்குப் போகிறார், கொல்லையில் சிறுவிடைக் கோழிகள் என் பொறுப்பு. அடை வைத்துக் குஞ்சு இறக்கி, விடைப்பருவத்தில் விற்பதுதான் என் கைக்காசு. பருந்துக்கும் கீரிக்கும் போவதைவிட வயிற்றுக் கோளாறில் போகிற குஞ்சுகள்தான் எங்கள் பக்கம் அதிகம்.

இந்தக் கடையில் மருந்துக்கு முன்னால் கேள்விதான் வரும். "காலையில பஞ்சாரத்தைத் தூக்குனதும், இரை போடுறதுக்கு முன்னாடி இரைப்பையைத் தொட்டுப் பார்த்தீங்களாக்கா?" இது முதல் கேள்வி. கழுத்தடியில், நெஞ்சுக்கு மேலே கொஞ்சம் வலப்பக்கமாக இருக்கிற அந்தப் பை சாயங்காலம் புடைத்திருப்பது சரிதான். ராத்திரி முழுக்க இரை இறங்கி, விடியும்போது அது காலியாக இருக்க வேண்டும். விடிந்தும் புடைத்திருந்தால் கோளாறு. களிமண் உருண்டை போலக் கெட்டியாக இருந்தால் அடைப்பு. அமுக்கும்போது உள்ளே தளும்பி, வாயைத் திறந்தால் புளித்த வாடை வந்தால் அது வேறு நோய். பை காலியாகவே இருந்து, பின்பக்கம் மட்டும் நாறினால் கோளாறு குடலில். மூன்றுக்கும் மூன்று வைத்தியம். இதைப் பிரிக்காமல் எந்த மருந்தும் கிடையாது என்பது அந்தத் தம்பியின் சட்டம்.

அடைப்போடு ஒரு குஞ்சைத் துணிப்பையில் போட்டுக் கொண்டுபோனபோது, கல்லாவை விட்டு எழுந்து வந்து கையில் வாங்கிப் பார்த்தார். காய்ந்த புல்லும் தேங்காய் நாரும் சுருண்டு கிடக்கலாம் என்றார். விற்றது ஊசியில்லாத சின்னச் சிரிஞ்சு ஒன்றை மட்டும், சில ரூபாய்தான். மருந்து வீட்டில் இருக்கிற நல்லெண்ணெய். இரையை நிறுத்திவிட்டு, அலகின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக எண்ணெயும் வெதுவெதுப்பான தண்ணீரும் விட்டு, விரல் நுனியால் பையை மெல்ல உருட்டிவிடச் சொன்னார். அலகைப் பிளந்து நடுவில் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயின் வாய் நாக்குக்குப் பின்னாலேயே இருக்கிறது, அதில் போனால் குஞ்சு அங்கேயே முடிந்துவிடும் என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை சொன்னார். எங்கள் பக்கம் சில பெரியவர்கள் குஞ்சைத் தலைகீழாகப் பிடித்துப் பிதுக்குவார்கள். அதையும் கூடாது என்றார், காரணம் அதேதான். மறுநாள் உருண்டை இளகிவிட்டது. அதற்கு அடுத்த நாள் ஊறவைத்த நொய் கொத்தியது.

வலைநூல் விஷயம் மட்டும் வேறு. கடற்கரை வீடுகளில் பஞ்சாரத்துக்கு மேலேயும் வேலிக்கும் பழைய வலையைத்தான் கட்டுகிறோம். அறுந்த தங்கூசி (நைலான்) நரம்பைப் புழு என்று நினைத்துக் குஞ்சு விழுங்கிவிடும். வாயோரம் நூல் தெரிந்தால் இழுக்காதீர்கள், உள்ளே சுற்றிக்கொண்டிருந்தால் கிழித்துவிடும். எண்ணெய்க்கு அது கரையாது. அப்படி ஒன்றைக் கொண்டுபோனபோது கடையில் ஒரு பைசா வாங்கவில்லை, நேரே அரசு கால்நடை மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டார். அங்கே பையைக் கீறி எடுத்துத் தைத்தார்கள். இப்போது அது முட்டையிடுகிற கோழி.

புளித்த இரைப்பைக்கும் இவர் மருந்து தர மாட்டார். அது பெரும்பாலும் பூஞ்சையின் வேலை, வாய்க்குள் வெள்ளையாகப் படிந்திருக்கிறதா பாருங்கள் என்பார். ஆன்டிபயாடிக் கொடுத்தால் நல்ல கிருமிகளும் சேர்ந்து செத்து, பூஞ்சைக்கு இடம் காலியாகும். எங்கள் தெருவில் கழிச்சலுக்கென்று வேறு எங்கோ வாங்கிய பொடியை நாள்கணக்கில் கரைத்துக் கொடுத்தவர்கள் வீட்டில்தான் இந்தப் புளித்த வாடையைப் பார்த்தேன். எதிரே ஆள் பணத்தோடு நிற்கும்போது 'இதற்கு டாக்டரைப் பாருங்கள், பூஞ்சை மருந்து அவர் எழுதித் தரணும்' என்று சொல்ல ஒரு வியாபாரிக்கு மனசு வேண்டும். நான் நட்சத்திரம் போடுவதே இதற்காகத்தான்.

ஐப்பசி கார்த்திகை மழையில் வருவது ரத்தக் கழிச்சல். மூன்றிலிருந்து ஆறு வாரக் குஞ்சுகள் சிறகைத் தொங்கவிட்டுக் குறுகி நிற்கும், எச்சத்தில் ரத்தம் தெரியும். ஈரத்தரையில் கிடக்கிற எச்சம் ஓரிரு நாளிலேயே அடுத்த குஞ்சுக்கு நோயைக் கொடுக்கத் தயாராகிவிடும். இதற்கு அவர் கொடுப்பது ஆம்ப்ரோலியம், குடிதண்ணீரில் கலக்கிற பொடி. கூடவே ஒரு எச்சரிக்கை: மருந்து ஓடுகிற நாட்களில் வைட்டமின் பி டானிக் கொடுக்கக் கூடாது. அந்த மருந்து கிருமிக்கு பி1 கிடைக்காமல் செய்துதான் வேலை செய்கிறது, நாம் ஒரு பக்கம் பி1 ஊற்றினால் மருந்து தோற்கும். குஞ்சு சோர்ந்துவிட்டது என்று இரண்டையும் சேர்த்து ஊற்றுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். டானிக்கை மருந்து முடிந்த பிறகு வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லி, பில்லிலிருந்து எடுத்துவிட்டார்.

அப்புறம் தண்ணீர். குஞ்சுகள் ரத்தமில்லாமல் வெறும் நீராகக் கழிந்துகொண்டிருந்தன, மருந்து கேட்டுப் போனேன். "எந்தத் தண்ணி வைக்கிறீங்க?" என்றார். எங்கள் அடிகுழாய் தண்ணீரை வாயில் வைக்க முடியாது, உவர். குடிக்க நாங்கள் காவிரி கூட்டுக் குடிநீருக்குக் காத்திருக்கிறோம், கோழிக்கு அடிகுழாய். போதாததற்கு இரையில் கருவாட்டுத் தூள் வேறு. குஞ்சின் சிறுநீரகம் அவ்வளவு உப்பைத் தாங்காது, தண்ணீராகவே வெளியேற்றும் என்றார். நல்ல தண்ணீர் வைத்து, கருவாட்டுத் தூளை நிறுத்தியதும் கழிச்சல் நின்றது. கடைக்கு அன்று என்னால் வருமானம் ஏதுமில்லை.

தடுப்பு மருந்து விஷயத்தில் இந்தக் கடை செய்வது எனக்கு ரொம்பப் பிடிக்கும். வெள்ளைக் கழிச்சல் வந்து கழுத்து முறுக்கிக்கொண்டால் மருந்தே கிடையாது, முதல் வாரத்திலேயே கண்ணில் சொட்டு விடுவதுதான் வழி. ஆனால் சீசா பெரும்பாலும் நூறு குஞ்சுக்கு மேல் அளவில்தான் வரும், எங்களிடம் இருப்பது பத்தோ இருபதோ. குஞ்சு பொரிக்கிற தேதியைச் சொல்லி வைத்தால் இவர் நோட்டில் குறித்துக்கொண்டு, ஒரே பக்கத்து ஊர்ப் பெண்கள் நாலைந்து பேரைச் சேர்த்து ஒரு சீசாவைப் பங்கு போட வைக்கிறார். மருந்து சூடானால் வீண், கலக்கியபின் வைத்திருக்கவும் முடியாது. அதனால் ஐஸ் போட்ட தெர்மாகோல் பெட்டியில் தருவார். மீன் ஏற்றுகிற ஊரில் ஐசுக்கா பஞ்சம்!

சரி, குறைகளுக்கு வருவோம். பெரிய பாக்கெட்டைப் பிரித்துப் பொட்டலம் கட்டித் தருகிறார். நமக்கு மலிவுதான், ஆனால் பொட்டலத்தில் மருந்தின் பெயரும் வீரியமும் காலாவதித் தேதியும் இருக்காது. கேட்டால் பேனாவில் எழுதித் தருவார், கேட்காவிட்டால் இல்லை. நான் அசல் பாக்கெட்டையே போட்டோ எடுத்துக்கொள்கிறேன். வீரியம் தெரியாமல் லிட்டருக்கு எவ்வளவு என்று கணக்குப் போட முடியாது.

கல்தூளும் சிப்பித்தூளும் ஒரே மாதிரி வெள்ளைப் பையில், ஒரே அலமாரியில் இருக்கின்றன. இது சரியில்லை. கோழிக்குப் பல் இல்லை, இரையை அரைப்பது வயிற்றுக்குள் இருக்கிற கெட்டிச் சதைப் பையும் அதில் தங்குகிற கல்லும்தான். சிப்பி வயிற்று அமிலத்தில் கரைந்துவிடும், அரைக்க உதவாது. முட்டையிடும் கோழிக்கு அந்தச் சுண்ணாம்பு வேண்டும், வளரும் குஞ்சுக்கு அதிகமானால் சிறுநீரகம் கெடும். கடலோரம் சும்மா கிடைக்கிறதென்று குஞ்சுக்கும் சிப்பியை இடித்துப் போடுகிற ஊரில், கடைக்காரர் பையின்மேல் பெரிதாக எழுதி ஒட்டியிருக்க வேண்டும். புதிதாக வருகிறவர் மாற்றி எடுத்துப் போக நிறைய வாய்ப்பு.

ஈரல் டானிக்கை எல்லோருக்கும் பரிந்துரைப்பதும் எனக்கு ஒப்பவில்லை. அது கொடுத்த குஞ்சுக்கும் கொடுக்காத குஞ்சுக்கும் என் கொல்லையில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. வேண்டாம் என்றால் வற்புறுத்த மாட்டார்.

மதியம் சாப்பாட்டுக்குப் பூட்டிவிடுவார், போனும் எடுக்க மாட்டார். குஞ்சைக் கொண்டுபோகிறவர்கள் பத்து மணிக்குள் போய்விடுங்கள், வெயில் ஏறினால் பஸ்ஸிலேயே துவண்டுவிடும். அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு, அடியில் வெள்ளைத் துணி விரித்து வையுங்கள். வழியில் போடுகிற எச்சத்தை அந்தத் துணியோடு காட்டச் சொல்லிக் கேட்பார்.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். பொட்டலத்தில் எழுத ஆரம்பித்தால் மீதி ஒன்றையும் போட்டுவிடுவேன்.