மஞ்சப்பையும் ஆடிட்டர் ஆபீஸும்

நான் மதுரையில் கல்யாணப் போட்டோ எடுப்பவன். வருமான வரிக் கணக்கு காட்ட, வருஷத்து பில்களை எல்லாம் மஞ்சப்பையில் திணித்துக்கொண்டு எங்கள் ஏரியா ஆடிட்டர் ஆபீஸுக்குப் போனேன். அங்கிருந்த அக்கா ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். ஆல்பம் பிரிண்ட், உதவியாளர் சம்பளம் சரி. முகூர்த்தத்துக்குப் போட எடுத்த சட்டை? “அது உங்க சொந்தச் செலவு தம்பி.” போன் பில்லில் தொழிலுக்கான பங்கு மட்டும். லேபுக்கு ஒரே நாளில் ரொக்கமாகக் கொடுத்த 14,000 ரூபாய் முழுசாக அடிபட்டது. ஒருவருக்கு ஒரு நாளில் 10,000-க்கு மேல் ரொக்கம் போனால் செலவுக் கணக்கில் சேராதாம். கேமராவுக்குத் தேய்மானம், அதாவது பழசாகிக் குறையும் மதிப்பைச் செலவாகக் கழிப்பது, 15 சதவீதம். டிசம்பரில் வாங்கியதால் முதல் வருஷம் அதிலும் பாதி. கட்டணம் 2,500. ஒன்றரை மணி நேரம் காக்க வைத்தார்கள், ஃபேன்கூடச் சுற்றவில்லை. ஆனாலும் அடுத்த ஜூலையிலும் அங்கேதான் போவேன்.