வாட் போ கோயில் மசாஜ்: மண்டபத்தில் ஒரு மணி நேரம், வெளியே கல்மேட்டு முனிவர்கள்

பாங்காக் போகிறேன் என்று சொன்னாலே அடுத்த கேள்வி மசாஜ் பற்றித்தான் வருகிறது. எந்தக் கடை, எவ்வளவு ஆகும், குடும்பத்தோடு போகலாமா, நம்பிப் படுக்கலாமா. எல்லாருக்கும் நான் சொல்கிற பதில் ஒன்றுதான். வாட் போ கோயில் வளாகத்துக்குள்ளேயே அவர்களுடைய மசாஜ் பள்ளி நடத்துகிற மண்டபம் இருக்கிறது, நேராக அங்கே போங்கள். ஆனால் ஒரு மணி நேரம் முடிந்ததும் எழுந்து அப்படியே டாக்ஸி பிடித்துவிடாதீர்கள். வெளியே சின்னச் சின்னக் கல்மேடுகளின் மேல் கையை மடக்கி, காலை இழுத்துப் பிடித்து உட்கார்ந்திருக்கும் முனிவர் சிலைகளையும் நின்று பாருங்கள். எனக்கு நீண்ட நாள் பயன்பட்டது அந்தச் சிலைகள்தான்.

நான் திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் பேட்டர்ன் போடுகிற வேலையில் இருக்கிறேன். பாதி நாள் கம்ப்யூட்டர் முன்னால், மீதி நாள் கட்டிங் டேபிள் மேல் குனிந்தபடி அளவு பார்ப்பது. இந்த வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும், வலி முதுகில் ஆரம்பிக்காது, தோள்பட்டை எலும்பின் மேல் மூலையில் ஆரம்பிக்கும். கட்டைவிரலை வைத்தால் ஒரு முடிச்சு உருளும், அங்கிருந்து கழுத்தில் ஏறி மாலையில் தலைவலியாக வந்து நிற்கும். இதற்காக ஊரில் ஒரு ஸ்பாவுக்குப் போயிருந்தேன், பெயர் வேண்டாம். எங்கே வலி என்றுகூடக் கேட்காமல் எண்ணெய் தேய்த்தார்கள். கடைசியில் சொல்லாமல் கொள்ளாமல் தலையைப் பிடித்து ஒரு திருகு திருகினார்கள், 'டொக்' என்று சத்தம் வந்தது. அதற்குப் பிறகு ஒரு வாரம் வலது கையில் குறுகுறுப்பு போகவில்லை. அந்தப் பயத்தோடுதான் வாட் போவில் காலை வைத்தேன்.

கோயிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே மசாஜ் என்பது சுற்றுலாவுக்காகச் சேர்த்துக்கொண்ட கடை இல்லை. 46 மீட்டர் நீளப் படுத்த புத்தரைப் பார்க்கத்தான் பெரும்பாலும் வருகிறார்கள், பார்க்க வேண்டியதும்தான். ஆனால் 19-ஆம் நூற்றாண்டில் மூன்றாம் ராமா மன்னர் இந்தக் கோயிலைப் புதுப்பித்தபோது, அன்றைக்கு அவர்களுக்குத் தெரிந்த மருத்துவம், இலக்கியம் எல்லாவற்றையும் கல்லில் வெட்டிச் சுவர்களில் பதிக்கச் சொன்னார், யார் வேண்டுமானாலும் வந்து படித்துக்கொள்ளட்டும் என்று. அந்தக் கல்வெட்டுத் தொகுப்பை யுனெஸ்கோ 2011-இல் உலக நினைவகப் பதிவேட்டில் சேர்த்தது. அதில் மசாஜுக்கென்றே தனிப் பலகைகள் உண்டு. மனித உருவம் வரைந்து, உடம்பில் ஓடும் கோடுகளையும் எங்கே அழுத்தினால் எது தீரும் என்பதையும் குறித்திருக்கிறார்கள். கோயிலில் பள்ளி தொடங்கியது 1955-இல். 'நுவாட் தாய்' என்கிற இந்த மசாஜ் முறையே 2019-இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் ஏறிவிட்டது.

அந்தக் கோடுகளை 'சென்' என்கிறார்கள், முக்கியமானவை பத்து, தொப்புளைச் சுற்றித் தொடங்குகின்றன. அவற்றின் பெயர்களைக் கேட்டபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது. இட்தா, பிங்கலா, சுமனா. நம் சித்தர் பாட்டுகளில் வரும் இடகலை, பிங்கலை, சுழுமுனை நாடிகளேதான். புத்தர் காலத்து வைத்தியர் ஜீவகரைத்தான் இவர்கள் இந்தக் கலைக்கு ஆதி குருவாக வணங்குகிறார்கள். எனக்கு மசாஜ் செய்ய வந்த அக்காவும் வேலையைத் தொடங்கும் முன் கண்ணை மூடிக் கைகூப்பினார்.

சரி, மசாஜுக்கு வருவோம். நான் போனபோது ஒரு மணி நேரத்துக்கு 480 பாட், நம் காசில் 1,200 ரூபாய்க்கு மேல் வரும். கோயில் நுழைவுச்சீட்டு 300 பாட் தனி. தெருவோரக் கடைகளில் இதைவிடக் குறைவாகக் கிடைக்கும், உண்மைதான். ஆனால் இங்கே படித்துப் பயிற்சி எடுத்தவர்களின் கை கிடைக்கிறது. மண்டபம் எளிமையானது. வரிசையாக மெத்தைகள், பக்கத்து மெத்தையில் ஒரு ஜெர்மன் தாத்தா, அதற்கடுத்து ஒரு சீனக் குடும்பம். மங்கலான விளக்கு, ஊதுபத்தி, புல்லாங்குழல் எல்லாம் எதிர்பார்த்துப் போகாதீர்கள். தொளதொள கால்சட்டை கொடுப்பார்கள், உடை போட்டபடியேதான் எல்லாம், எண்ணெய் கிடையாது. எங்கள் வீட்டுப் பெண்களை எந்தத் தயக்கமும் இல்லாமல் கூட்டிப் போவேன் என்று சொல்வதற்கு இந்தத் திறந்த மண்டபமே காரணம்.

தோள்பட்டையைக் காட்டி வலி என்று சொன்னால் அவர் பாதத்தில் ஆரம்பித்தார். முதல் இருபது நிமிஷம் பாதம், கெண்டைக்கால், தொடை. எனக்குப் பொறுமை போய்க்கொண்டே இருந்தது, வலி மேலே இருக்கிறதே என்று. அப்புறம் இரண்டு உள்ளங்கையையும் தொடை இடுக்கில் வைத்து அழுத்தி, கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டு மெல்லக் கையை எடுத்தார். இடுப்பிலிருந்து விரல் நுனி வரை சூடாக ரத்தம் இறங்கியதை அப்படியே உணர முடிந்தது. இதற்கு 'காற்றுக் கதவைத் திறப்பது' என்று பெயராம். (ரத்தக் கொதிப்பு, இதய நோய், காலில் நரம்புச் சுருட்டல் இருப்பவர்கள் இதை வேண்டாம் என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள். கர்ப்பிணிகள், எலும்பு தேய்ந்தவர்கள், டிஸ்க் பிரச்சினை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் போகவே வேண்டாம்.)

நான் கண் கொட்டாமல் பார்த்தது அவருடைய உடம்பை அவர் வைத்திருந்த விதம். என்னைவிட ஒரு சுற்றுச் சின்ன உடம்பு, வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும். கட்டைவிரலால் அழுத்தும்போது விரலில் பலம் கொடுக்கவே இல்லை. முழங்கை மடங்காமல், முதுகு கூன் விழாமல், முட்டி போட்டு நின்று, தன் எடையை மெதுவாக முன்னால் சாய்க்கிறார், அவ்வளவுதான். அந்த எடை தோள் வழியாகக் கட்டைவிரலுக்கு வந்து என் முடிச்சின் மேல் இறங்குகிறது. தேய்ப்பதில்லை, நீவுவதில்லை. இறங்கி, நின்று, நான் மூச்சு விட்டதும் இன்னும் கொஞ்சம் இறங்கி, பிறகு மெல்ல ஏறுகிறது. மறுபடி ஒரு விரல் தள்ளி அதே மாதிரி. நாள் முழுக்க எத்தனை பேரை அழுத்துகிறார், அவருக்கு முதுகு வலித்ததாகத் தெரியவில்லை. நாங்கள் கட்டிங் டேபிளில் கழுத்தையும் கையையும் மட்டும் வைத்து வேலை செய்கிறோம், உடம்பின் எடையை எங்கேயும் பயன்படுத்துவதே இல்லை என்பது அங்கே படுத்துக்கொண்டே எனக்கு உறைத்தது.

வலி தாங்கவில்லை என்றால் 'ஜெப்' என்று சொன்னால் போதும், மெதுவாகச் செய்யச் சொல்ல 'பாவ் பாவ்'. இந்த இரண்டு வார்த்தையும் மனப்பாடமாக இருக்கட்டும். பல்லைக் கடித்துக்கொண்டு தாங்குவதில் எந்தப் புண்ணியமும் இல்லை, தசை பயந்து இன்னும் இறுகத்தான் செய்யும். கடைசியில் உட்காரவைத்துத் தோள், கழுத்து, தலை. கழுத்துக்கு வரும்போதே கையால் திருகுவது போலக் காட்டி, வேண்டாம் என்று தலையாட்டினேன். அவர் சிரித்துவிட்டு, திருகவே இல்லை. என் இரண்டு கையையும் பின்தலையில் கோத்துக்கொள்ளச் சொல்லி, முழங்காலை முதுகில் முட்டுக் கொடுத்து மார்பை விரித்து இழுத்தார். சத்தம் எதுவும் வரவில்லை, மூச்சு மட்டும் நெஞ்சின் அடிவரை போனது.

எழுந்து நின்றபோது கழுத்து இரண்டு பக்கமும் தடையில்லாமல் திரும்பியது. அன்றைக்கு இரவு நல்ல தூக்கம். ஆனால் ஊருக்குத் திரும்பி வேலையில் உட்கார்ந்த இரண்டாவது நாளே முடிச்சு மறுபடி தலைகாட்டிவிட்டது. மசாஜ் அவ்வளவுதான் செய்யும். இறுகிய தசையைக் கொஞ்ச நேரம் தளர்த்தும், நரம்பை அமைதிப்படுத்தும், வலியை அடக்கும். அந்தத் தசையை இறுக்குகிற வேலையும் நாற்காலியும் அப்படியே இருந்தால் அது திரும்ப இறுகத்தான் செய்யும். மாதாமாதம் ஸ்பாவில் பேக்கேஜ் கட்டுகிறவர்களிடம் இதை யாரும் சொல்வதில்லை என்பதில் எனக்கு உண்மையாகவே கோபம் உண்டு.

இங்கேதான் அந்த முனிவர்கள் வருகிறார்கள். 'ருஸி தத் தோன்' என்று பெயர், முனிவர்கள் தாமே தம் உடம்பை நிமிர்த்திக்கொள்ளும் நிலைகள். 1836-இல் மூன்றாம் ராமா 80 நிலைகளை உலோகத்தில் வார்த்துவைக்கச் செய்தார், ஒவ்வொன்றுக்கும் எந்த வலிக்கு எது என்று ஒரு பாட்டு எழுதிக் கல்லில் பதித்தார்கள். இன்றைக்கு அங்கே மிஞ்சியிருப்பவை 20-க்குச் சற்று மேல். ஒருவர் கெண்டைக்காலைத் தானே பிடித்து அழுத்துகிறார், ஒருவர் கையைத் தலைக்கு மேல் நீட்டுகிறார், இரண்டு பேர் சேர்ந்து செய்கிற நிலையும் இருக்கிறது. முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. மசாஜ் செய்ய ஆள் இல்லாத இடத்தில், காசு இல்லாதவனும் தனக்குத் தானே செய்துகொள்ளட்டும் என்று ஒரு ராஜா யோசித்திருக்கிறார் என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

தாய்லாந்தின் பாரம்பரிய மருத்துவத் துறையினர் இந்த மரபிலிருந்து 15 அடிப்படை நிலைகளை எடுத்து மக்களுக்குச் சொல்லித் தருகிறார்கள். எல்லாமே மூச்சை இழுத்துக்கொண்டே நீட்டுவது, சற்றுப் பிடிப்பது, விட்டுக்கொண்டே இறங்குவது. அதில் மூன்றை நான் தினமும் கம்பெனியிலேயே செய்கிறேன். வில் எய்கிற நிலை: ஒரு கையைப் பக்கவாட்டில் நீட்டி, மற்ற கையை நாண் இழுப்பது போல மார்புக்கு அருகே மடக்கி இழுத்து, நீட்டிய கைப்பக்கம் பார்ப்பது. குனிந்தே கிடந்து குறுகிப்போன நெஞ்சுக்கு இதைவிட நல்லது எனக்குத் தெரிந்து இல்லை. அப்புறம் வைர மோதிரத்தைக் காட்டுகிற நிலை, கையை நேராக நீட்டி மணிக்கட்டை மேலே மடக்கி விரல்களை மற்ற கையால் பின்னால் இழுப்பது. மவுஸ் பிடிப்பவர்கள், கத்தரி பிடிப்பவர்கள் அவசியம் செய்ய வேண்டியது. மூன்றாவது சோம்பல் முறிப்பது, விரல்களைக் கோத்து நீட்டுவது, இதற்குச் சொல்லித் தரத் தேவையில்லை. எதையும் வெட்டி வெட்டி இழுக்கக் கூடாது, சுருக்கென்று குத்தினால் அங்கேயே நிறுத்த வேண்டும்.

கூடவே டேபிளையும் கவனித்தோம். கட்டிங் டேபிள் கால்களுக்கு அடியில் மரக்கட்டை வைத்து முழங்கை உயரத்துக்குக் கொஞ்சம் கீழே வரும்படி உயர்த்தினோம், மானிட்டரின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு வந்தது. தலை மட்டுமே ஐந்து கிலோ அளவுக்கு எடை, அதை முன்னால் தொங்கவிட்டால் பின்கழுத்துத் தசைதான் நாள் பூரா இழுத்துப் பிடிக்க வேண்டும். அதற்காக விறைப்பாக நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தாலும் வலிக்கும். எந்த நிலையானாலும் அரை மணிக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும், எழுந்து நடக்க வேண்டும். இப்போது எனக்கு முடிச்சு அடியோடு போய்விடவில்லை, ஆனால் மாலைத் தலைவலி அபூர்வமாகத்தான் வருகிறது. கையில் மரமரப்பு, பலக்குறைவு, இரவில் எழுப்புகிற வலி என்று இருந்தால் இதெல்லாம் போதாது, எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.

போகிறவர்களுக்கு: மெட்ரோவில் சனாம் சாய் நிலையத்தில் இறங்கினால் நடக்கிற தூரம்தான், படகில் வந்தால் தா தியன் துறை. காலை 8 மணிக்குக் கோயில் திறந்ததும் போனால் கூட்டம் குறைவு, நேராக மசாஜுக்குப் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் நேரத்தில் புத்தரைப் பார்த்துவிடலாம். தோளும் முழங்காலும் மறைகிற உடை வேண்டும். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் படுக்காதீர்கள். முடிந்ததும் டிப்ஸ் 50 முதல் 100 பாட் கையில் கொடுப்பது வழக்கம். முட்டி வலி உள்ள அம்மா அப்பாவைக் கூட்டிப் போனால் பாத மசாஜ் மட்டும் போதும். முனிவர்களுக்கு அரை மணி நேரமாவது ஒதுக்குங்கள், போனில் ஒவ்வொரு நிலையையும் பக்கவாட்டிலிருந்தும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், முன்னாலிருந்து மட்டும் எடுத்தால் முதுகு எப்படி இருக்கிறது என்று தெரியாது.