பழைய பைபர் படகா, மரவள்ளமா?

முகத்துவாரத்தில் முதன்முதலாகப் பழைய படகொன்றை வாங்க எண்ணுபவருக்கு, ஏறத்தாழ 18 அடி நீளமுள்ள பைபர் படகும் மரவள்ளமும் தெரிவுகளாக அமைகின்றன.

மரவள்ளத்தின் குறைகள் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும்; பலகைப் பொருத்துகளில் நீர் கசியும், நீர்மட்டத்துக்குக் கீழே கப்பற்புழு துளைத்த மரத்தில் கத்திமுனை எளிதில் இறங்கும். ஆனால், ஆண்டுதோறும் அதைக் கரையேற்றிப் பழுதுபார்க்கப் பொறுமை வேண்டும். கைதேர்ந்த தச்சரும் வேண்டும்.

பைபர் படகு பராமரிப்பதற்கு எளிது, ஏமாற்றுவதும் அதுவே. புதிதாகப் பூசிய வர்ணம் (விற்பவர் இதில் மட்டும் தாராளமானவர்) பழைய வெடிப்புகளை மறைத்துவிடும். இயந்திரம் தொங்கும் பின்பலகையின் உள்ளே மரம் வைத்துக் கட்டப்பட்டிருந்தால், திருகாணித் துளைகளினூடாக நீர் புகுந்து அம்மரம் உக்கிப்போகக்கூடும் என்பதால், மரச்சுத்தியலால் தட்டி, மந்தமான ஓசை எழும் இடங்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். இயந்திரத்தைக் குளிர்ந்த நிலையில் இயக்கச் சொல்லி, குளிர்விக்கும் நீர் சீராக வெளியேறுகின்றதா எனவும் கவனிக்க வேண்டும்.

எதை வாங்கினாலும் பதிவுச் சான்றிதழிலுள்ள இலக்கம் படகிலுள்ளதுடன் பொருந்த வேண்டும். என் தெரிவு, பின்பலகை உறுதியான பைபர் படகே. அதையும் தென்மேற்குப் பருவக்காற்று ஓய்ந்தபின், கடலில் ஓட்டிப் பார்த்தே வாங்குவேன்.