பழைய அடுக்குமாடிக்கான தீப் பாதுகாப்புத் தணிக்கை: ஒரு மதிப்புரை

எங்கள் பழைய அடுக்குமாடிக் கட்டடத்தில் தீப் பாதுகாப்புத் தணிக்கை செய்த நிறுவனத்தின் பணி பெரும்பாலும் மனநிறைவளித்தது. தீயணைப்பான்களின் காலாவதித் தேதியை மட்டும் பார்த்துச் சான்றளித்துவிடாமல், மாடிப்படிக் கதவு ஒவ்வொன்றையும் திறந்துவிட்டு, அது தானாக மூடி முழுமையாகப் பொருந்துகிறதா என்று பார்த்தார்கள். மின்கம்பிகள் தளந்தோறும் ஏறிச் செல்லும் இடத்தில் அடைக்கப்படாத இடைவெளிகளை டார்ச் அடித்துக் காட்டி, புகை மேலேறக்கூடிய வழி அதுவே என்று விளக்கினார்கள். லண்டனின் 24 மாடி கிரென்ஃபெல் கோபுரத்தில் 2017இல் 72 உயிர்களைப் பறித்த தீ, எரியக்கூடிய வெளிச்சுவர்த் தகடுகளால் பரவியதையும், சரியாக மூடாத வீட்டுக் கதவுகள் வழியே புகை புகுந்ததையும் அறிந்தவர்களுக்கு இந்த நுணுக்கத்தின் அருமை புரியும். தீயணைப்பு நீர்க்குழாயை மட்டும் அழுத்தச் சோதனை செய்யாமல் கண்ணால் பார்த்ததோடு விட்டுவிட்டார்கள்; பல ஆண்டுகளாகப் பயன்படாத குழாய்க்கு அது போதவே போதாது என்பதால், மறுசோதனை கேட்டு எழுதியிருக்கிறோம்.