அம்மாவின் சங்கிலி தொலையவில்லை

ஊரிலிருந்து இங்கிலாந்தின் கோவென்ட்ரிக்குத் திரும்பி மூன்று வாரம் ஆகிறது. அக்கா மகள் கல்யாணம் நன்றாக நடந்தது, பங்குனித் திருவிழாவும் குறையில்லாமல் முடிந்தது. ஆனால் யார் போன் செய்து "ஊர் எப்படி இருந்தது?" என்று கேட்டாலும் என் வாயில் முதலில் வருவது ஒரு போலீஸ் ரிப்போர்ட்தான். ஒரே பக்கம். அதில் ஒரே ஒரு சொல்.

எங்கள் ஊர் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் ஒரு தோட்டப்புறச் சிற்றூர். நான் படிக்கும்போது சுற்றிலும் பால்மரம், இப்போது கண்ணுக்கு எட்டும் வரை செம்பனை. ஒரு தெருக் கடைகள், ஒரு தமிழ்ப்பள்ளி, மாரியம்மன் கோயில், பாலாய் என்று நாங்கள் சொல்லும் ஒரு போலீஸ் நிலையம். தோட்டத்து லயன் வீடுகளில் இருந்த சனமெல்லாம் தாமான் என்ற குடியிருப்புக்குக் குடிவந்து பல வருடம் ஆயிற்று. அம்மாவும் அங்கேதான் இருக்கிறார், வயது 71.

தைப்பூசத்துக்கு முந்தின வாரம், விடிந்தும் விடியாத நேரம், கோயிலிலிருந்து நடந்து வந்துகொண்டிருந்தவரின் பக்கத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. இரண்டு பேர். பின்னால் இருந்தவன் கை நீட்டிச் சங்கிலியை இழுத்தான். அறுந்த வேகத்தில் அம்மா சாக்கடை ஓரம் விழுந்து முழங்கால் தேய்ந்துவிட்டது. அது பாட்டி போட்டிருந்த சங்கிலி, மூன்று பவுன். பக்கத்து வீட்டுக்காரர் கிளினிக்கில் கட்டுப் போட்டு, அப்படியே பாலாய்க்கும் கூட்டிப் போயிருக்கிறார். இதெல்லாம் எனக்கு வாட்சாப்பில் வந்துவிட்டது. "ரிப்போர்ட் குடுத்தாச்சு, போலீஸ் பாத்துக்குவாங்க" என்று அம்மா சொன்னதை நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

ஊருக்குப் போன இரண்டாம் நாள் அந்த ரிப்போர்ட்டைக் கேட்டேன். சாமி மேடைக்குக் கீழே இருக்கும் பிஸ்கட் டின்னிலிருந்து நான்காக மடித்ததை எடுத்துக் கொடுத்தார். படித்தேன். திரும்பவும் படித்தேன். "ரந்தாய் எமாஸ் சாயா தெலா ஹிலாங்" என்று இருந்தது. என் தங்கச் சங்கிலி தொலைந்துவிட்டது. மோட்டார் சைக்கிள் இல்லை, இரண்டு பேர் இல்லை, இழுத்ததும் இல்லை, விழுந்ததும் இல்லை. கடைசி வரியில், இந்த ரிப்போர்ட் செய்வது "ருஜுக்கான்" பொருட்டு என்று இருந்தது. வெறும் பார்வைக்கு. விசாரணைக்கு என்றால் "சியாசாத்தான்" என்று இருந்திருக்க வேண்டும். கீழே அம்மாவின் கையெழுத்து, பள்ளிக்கூடத்தில் எழுதுவது போல ஒவ்வொரு எழுத்தாக.

"போலீஸ்காரர்கிட்ட நீங்க என்னம்மா சொன்னீங்க?" என்றேன். "சங்கிலி போயிடுச்சுய்யான்னு சொன்னேன்" என்றார்.

அதைத்தான் நான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். தமிழில் "போயிடுச்சு" என்றால் எல்லாம்தான் அடங்கும். தொலைந்தாலும் போச்சு, திருடினாலும் போச்சு, பிடுங்கினாலும் போச்சு. மேலே சொன்ன பேச்சும், அழுத அழுகையும், முழங்கால் கட்டும் சேர்ந்துதான் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் கொடுக்கும். அம்மாவுக்குத் தெரிந்த மார்க்கெட் மலாயில் அது "சுடா ஹிலாங்" ஆகியிருக்கிறது. கேட்டவர் "ஹிலாங்" என்றே தட்டச்சு செய்துவிட்டார். ஊரறிந்த வழிப்பறி, தாளில் கைமறதி ஆகிவிட்டது.

அந்த ரிப்போர்ட் தாளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அதில் மொழிபெயர்ப்பாளர் விவரத்துக்கென்று தனி இடமே இருக்கிறது, "ஜூருபஹாசா" என்று போட்டு. பெயர், அடையாளக் கார்டு எண், எந்த மொழியிலிருந்து எந்த மொழிக்கு என்று நிரப்ப வேண்டிய கட்டங்கள். அம்மாவின் தாளில் அவ்வளவும் காலி. கூடப் போன பக்கத்து வீட்டுக்காரர் வெளியே மோட்டார் பக்கத்தில் நின்றிருக்கிறார். அவரைக் கூப்பிட்டிருந்தால்கூட இரண்டு நிமிட வேலை.

தோட்டத்தில் இருந்த காலத்தில் போலீஸ் என்பது எங்களுக்கு ஜீப்பில் வரும் ஒன்று. மாத்தா-மாத்தா, அதாவது போலீஸ், வந்தால் பெரிய அடிதடி என்று அர்த்தம். மற்றதெல்லாம் மண்டோர் (மேஸ்திரி), கிராணி (குமாஸ்தா), துரை (மேனேஜர்) என்று மேலே போய்த் தோட்டத்துக்குள்ளேயே முடிந்துவிடும். அது நியாயமான ஏற்பாடு என்று நான் சொல்ல மாட்டேன். துரைக்குப் பிடிக்காதவனுக்கு அங்கே நியாயம் கிடைத்ததில்லை. ஆனால் எங்கள் ஆபீஸ் கிராணி ஒரு காரியம் செய்வார். யாருக்காவது மனு எழுதினால், எழுதி முடித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, அதைத் தமிழில் வரி வரியாகச் சொல்லிக் காட்டுவார். "சரியா? இதான் நீ சொன்னது?" என்று கேட்ட பிறகுதான் கைநாட்டுக்கு மைப்பெட்டியை நகர்த்துவார். அப்பா அந்தத் திண்ணையில் நின்று தலையாட்டியது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

கிராணியின் நல்ல குணத்தால் நடந்த அந்தக் காரியம் இன்று சட்டமாகவே இருக்கிறது. மலேசியக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107-ஆம் பிரிவு, வாயால் சொன்ன புகாரை எழுத்தில் கொண்டுவந்து, சொன்னவருக்கு அதைப் படித்துக் காட்ட வேண்டும் என்கிறது. மலேசியாவில் எந்த மூலையில் நடந்த குற்றமானாலும் அதைப் பற்றிய தகவலை வாங்கிக்கொள்வது போலீசின் கடமை என்றும் அதே பிரிவு சொல்கிறது. எனவே "இது எங்க ஏரியா இல்ல" என்று யாரும் திருப்பி அனுப்பக் கூடாது. 1967-ஆம் ஆண்டுப் போலீஸ் சட்டம் படைக்குச் சொல்லும் வேலைகள் சட்டம் ஒழுங்கைக் காப்பது, குற்றத்தைத் தடுப்பது, கண்டுபிடிப்பது, குற்றவாளியைப் பிடித்து வழக்குப் போடுவது என்று போகும். இத்தனைக்கும் முதல் படி அந்த கவுண்டரில் எழுதப்படும் பத்து வரிதான். அது பிழையானால் மேலே இருக்கும் எந்த வேலையும் தொடங்கவே தொடங்காது.

நான் இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஆங்கிலம் தெரியாத நோயாளியிடம் மொழிபெயர்ப்பாளரைப் போனிலாவது பிடிக்காமல் ஆபரேஷன் சம்மதத் தாளில் கையெழுத்து வாங்க எங்களால் முடியாது. குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கென்று இங்கிலாந்தில் போலீசும் பின்பற்ற வேண்டிய ஓர் உரிமைப் பட்டியல் இருக்கிறது. அதில் முதல் உரிமையே, மற்றவர் சொல்வது தனக்குப் புரிய வேண்டும், தான் சொல்வது மற்றவருக்குப் புரிய வேண்டும் என்பதுதான். அதற்காக இங்கே எல்லாம் சொர்க்கம் என்று நினைத்துவிடாதீர்கள். பஸ் ஸ்டாண்டில் என் கைப்பை திருடு போனபோது அவசரமில்லாத போலீஸ் எண்ணான 101-க்குப் போன் செய்தேன். மரியாதையாகப் பேசி ஒரு குற்ற எண் கொடுத்தார்கள். இரண்டாம் நாளே வழக்கை மூடிவிட்டதாகக் கடிதம் வந்துவிட்டது. பை வரவில்லை. ஆனால் அந்தக் கடிதத்தில் "திருட்டு" என்று இருந்தது. நான் சொன்னது நான் சொன்னபடி இருந்தது.

மறுநாள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு பாலாய்க்குப் போனேன். வழியெல்லாம் சண்டைக்குத் தயாராகத்தான் போனேன். கவுண்டரில் ஒரு மலாய்ப் பெண் சார்ஜன். தாளைக் காட்டினேன். அவர் படித்துவிட்டு அம்மாவின் முழங்காலைப் பார்த்தார். புண் ஆறிக் கறுத்திருந்தது. "ஆன்ட்டி, டுடுக்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். அப்புறம் நடந்ததை என்னால் இன்னும் நம்ப முடியவில்லை. உள்ளே போய், வேறு பிரிவில் இருந்த ஒரு தமிழ் லான்ஸ் கார்ப்பரலைத் தேடி அழைத்து வந்து அம்மா பக்கத்தில் உட்கார வைத்தார். நான் மலாயில் சொல்ல வாயெடுத்தபோது, "நீங்க வேண்டாம், அம்மாவே சொல்லட்டும்" என்று தடுத்துவிட்டார். அம்மா தமிழில் சொல்லச் சொல்ல அந்தத் தம்பி மலாயில் சொன்னார், சார்ஜன் தட்டினார். முடித்ததும் கம்ப்யூட்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பி, அந்தத் தம்பி ஒவ்வொரு வரியையும் தமிழில் படித்துக் காட்டினார். "ராகுட்" என்ற சொல் வந்த இடத்தில் நிறுத்தி, "பறிச்சிட்டாங்கன்னு போட்டிருக்கும்மா" என்றார். அம்மா, "ஆமாய்யா, பறிச்சாங்க, நான் விழுந்தேன், அதையும் போடு" என்றார். அதையும் போட்டார்கள். ஜூருபஹாசா கட்டத்தில் அவர் பெயரும் ஏறியது. மொத்தம் நாற்பது நிமிடம்.

வந்தது சந்தோஷமா கோபமா என்று எனக்கே தெரியவில்லை. நாற்பது நிமிடத்தில் ஆகிற காரியத்தை முதல் நாளே செய்திருந்தால் இரண்டு மாதம் வீணாகியிருக்காது. கோயில் முனையில் இருக்கும் நகைக்கடையில் சிசிடிவி இருந்தது. நான் போய்க் கேட்டேன், அந்தத் தேதிப் பதிவு அழிந்து போயிருந்தது.

முதல் ரிப்போர்ட்டை எழுதிய கான்ஸ்டபிள் மீது புகார் கொடுக்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். அம்மா பதறிவிட்டார். "சின்னப் பையன். தண்ணி வாங்கிக் குடுத்தான். அவன் வேலைக்கு ஏதாச்சும் ஆயிடுமா?" மாமா வேறு மாதிரி பயந்தார். போலீஸ் மேலேயே புகார் கொடுத்தால் நாளைக்கு நம் வீட்டுப் பிள்ளைகளை ரோட்டில் நிறுத்துவார்கள் என்றார். அந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்று எங்கள் சனத்துக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2009-இல் சுபாங் ஜெயா லாக்கப்பில் இறந்த குகனின் பெயரை எங்கள் தாமானில் இன்றும் யாரும் மறக்கவில்லை.

இங்கிலாந்தையும் வேல்ஸையும் 43 வட்டாரப் போலீஸ் படைகள் பார்த்துக்கொள்கின்றன. ஒவ்வொன்றிலும் நடத்தையைக் கண்காணிக்கத் தனிப் பிரிவு, எல்லாவற்றுக்கும் வெளியே ஐ.ஓ.பி.சி. என்ற சுயேச்சை அமைப்பு. 2015 முதல் கடுமையான ஒழுங்கு விசாரணைகளைப் பொதுமக்கள் போய் உட்கார்ந்து பார்க்கலாம். சின்னத் தவறு என்றால் தண்டனை இல்லாமல், மேலதிகாரியோடு உட்கார்ந்து எங்கே பிசகியது என்று பேசித் திருத்தவும் 2020 முதல் விதியிலேயே வழி இருக்கிறது. மலேசியாவில் நாடு முழுவதற்கும் ஒரே படை. ஊர் பாலாய் மாவட்டத்துக்கு, மாவட்டம் கொந்திஞ்சன் என்ற மாநிலத் தலைமையகத்துக்கு, அது நாட்டுத் தலைமையகமான புக்கிட் அமானுக்குப் பதில் சொல்லும். ஊர்க்காரனுக்கு நேராகப் பதில் சொல்ல யாரும் இல்லை. புகாரை விசாரிக்கப் படைக்குள்ளேயே ஜிப்ஸ் என்ற நேர்மைத் துறை இருக்கிறது. நிரூபணமானால் எச்சரிக்கை, அபராதம், சம்பள வெட்டு, பதவியிறக்கம், வேலைநீக்கம் என்று 1993-ஆம் ஆண்டு ஒழுங்கு விதிகளில் வரிசை இருக்கிறது. அம்மா மாதிரி ஆட்கள் பயப்படுவது அந்த வரிசையின் கடைசிச் சொல்லைக் கேட்டுத்தான்.

வெளியிலிருந்து பார்க்கும் கண் வேண்டும் என்று துன் முகமட் சைடின் தலைமையிலான அரச ஆணையம் 2005-இலேயே சொன்னது. 125 பரிந்துரைகளில் முக்கியமானது அது. அதற்குப் பிறகு எத்தனை இழுபறி! கடைசியில் ஐ.பி.சி.சி. என்ற ஆணையம் 2023 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்தது. விசாரிக்கலாம், ஆனால் தண்டிக்க அதனால் முடியாது. கண்டறிந்ததைப் போலீஸ் படை ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும். அந்தப் படை ஆணையத்தின் தலைவர் உள்துறை அமைச்சர், தேசிய போலீஸ் படைத் தலைவரும் அதில் ஓர் உறுப்பினர். பதினெட்டு வருடம் காத்திருந்து கிடைத்தது இதுவா என்று எனக்கு மனசு ஆறவில்லை. லாக்கப் மரணத்துக்கே இந்த ஆணையம் போதாது என்று பேசிக்கொண்டிருக்கும்போது, காலியாக விட்ட ஒரு ஜூருபஹாசா கட்டத்தை யார் கேட்பார்கள்? ஆனால் கேட்க வேண்டும். எத்தனை பாட்டிகளின் "போயிடுச்சு" இப்படி "ஹிலாங்" ஆகியிருக்கும்!

கடைசியில் கான்ஸ்டபிள் பெயரைப் போட்டுப் புகார் கொடுக்கவில்லை. மாவட்டப் போலீஸ் தலைவருக்கு ஒரு கடிதம் கொடுத்தேன். யாரையும் தண்டிக்கக் கேட்கவில்லை. தமிழ், சீனம் மட்டும் தெரிந்த முதியவர்கள் வந்தால் அந்தக் கட்டத்தைக் காலியாக விடக் கூடாது என்று பாலாய்க்கு உத்தரவு போடுங்கள் என்று கேட்டிருந்தேன். முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார்கள்.

இன்னொன்றும் தெரிந்துகொண்டேன், ஊரில் எல்லோருக்கும் சொல்லுங்கள். வாரண்டு இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் என்றால், ரிப்போர்ட் கொடுத்து நான்கு வாரம் கழித்து விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று பாலாய்த் தலைவரை எழுத்தில் கேட்கலாம். அதே நடைமுறைச் சட்டத்தின் 107ஏ பிரிவு. இரண்டு வாரத்துக்குள் பதில் தர வேண்டும். தராவிட்டால் பப்ளிக் ப்ராசிக்யூட்டரிடம் முறையிடலாம். அவர் உத்தரவு போட்டும் அறிக்கை கொடுக்காத அதிகாரிக்கு ஒரு மாதம் வரை சிறையோ ஆயிரம் ரிங்கிட் வரை அபராதமோ உண்டு. நாங்கள் இது தெரியாமல் சட்டமன்ற உறுப்பினர் ஆபீசுக்கும் சொந்தக்காரர் மூலமாகவும் ஆள் விட்டுக்கொண்டிருந்தோம். "ஹிலாங்" என்று இருந்தவரை அந்தப் பிரிவும் எங்களுக்கு உதவியிருக்காது. நான்கு வாரம் புது ரிப்போர்ட்டிலிருந்துதான் எண்ண வேண்டியிருந்தது.

போன வாரம் அந்த நான்கு வாரம் முடிந்தது. அக்கா மகள் கடிதத்தை மலாயில் எழுதி, வாட்சாப் வீடியோவில் எனக்கும் அம்மாவுக்கும் சேர்த்துத் தமிழில் படித்துக் காட்டினாள். அம்மா நடுவில் நிறுத்தி, "பறிச்சாங்கன்னு இருக்கா?" என்று கேட்டார். இருக்கிறது என்று அவள் விரலை வைத்துக் காட்டிய பிறகுதான் பேனாவை வாங்கினார்.